முதலாளியின் ரக்பி

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் புளிக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்கிற ஆள் அவர். பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் மூன்று கடை வைத்திருந்தார். எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். மூன்றில் பெரியது மரக்கறியும் மீனும் விற்கிற கடை. அதில் சில வருடங்கள் நான் கல்லாவில் இருந்தேன். இப்போது பொண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே முதலாளி ஒரு பிரெஞ்சுக் கிழவி. காலையில் வந்ததும் வணக்கம் சொல்வாள், போகும்போதும் சொல்வாள், நடுவில் என்னை ஒருத்தரோடும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டாள். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் முதலாளிக்கு ஒரு நோய். எதை எடுத்தாலும் "நாங்கள் எத்தினையாவது?" என்று கேட்பார். வெண்டிக்காய் விலையில் எத்தினையாவது, கோயில் உபயத்தில் எத்தினையாவது, எதிர்க்கடைக்காரரின் மகன் எந்தப் பள்ளிக்கூடம், தன் மகன் எந்தப் பள்ளிக்கூடம். ஆவணியில் பிள்ளையார் கோயில் தேர் வரும்போது தெரு நெடுகக் கடைக்காரர்கள் தங்கள் வாசலில் தேங்காயைக் குவித்து வைப்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, தேர் வந்து நின்றதும் உடைப்பார்கள். முந்தின நாள் பின்னேரம் எதிர்க்கடைக் குவியல் வளர வளர இவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வியர்ப்பார். ஒரு வருடம் தேங்காய் போதாமல் போய்விட்டது. என்ன செய்தார் தெரியுமா? வெறும் மீன்பெட்டிகளை அடியில் அடுக்கி, மேலே வாழையிலை விரித்து, அதற்கு மேல் தேங்காயைக் குவிக்கச் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு மலை மாதிரித்தான் இருந்தது. பிள்ளையாருக்கே பெட்டி வைத்து உயரம் காட்டின மனிதர் அவர்.

அதைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். அவருடைய தாயார் செத்தபோது நடந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. எரிக்கிற இடத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். நல்ல சனம். உள்ளே பெட்டியைச் சுற்றி ஆட்கள் அழுதுகொண்டிருக்க, இவர் வெளியே வந்து கார்கள் நிற்கிற இடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, எதிர்க்கடைக்காரற்றை தகப்பன்ரை செத்தவீட்டுக்கு நீ போனனிதானே? அங்கை இவ்வளவு கார் நிண்டதோ?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தத் தாய் பெற்ற பிள்ளையை நினைத்துத்தான் அழுகை வந்தது.

இந்த நோயோடு இருந்த மனிதருக்கு ரக்பி வந்து வாய்த்தது. அதற்குக் காரணம் சேம்பங்கிழங்கு.

பசிபிக் கடலில் எங்கேயோ ஒரு தீவைச் சேர்ந்த புருசனும் மனைவியும் எங்கள் கடைக்குக் கிழங்கு வாங்க வருவார்கள். அவன் எங்கள் வாசலுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைவான், அவ்வளவு பெரிய உடம்பு. ஆனால் பேச்சு பூனைக்குட்டி மாதிரி. அவள் சேம்பங்கிழங்கை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், தேங்காயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பாள், மரவள்ளியை முறித்துப் பார்ப்பாள். அப்படியே எங்கள் ஆட்கள்தான். ஒருநாள் தெருவில் போன பொடியன்கள் உள்ளே ஓடி வந்து அவனோடு நின்று படம் எடுத்தார்கள். அப்போதுதான் முதலாளிக்குத் தெரிந்தது, அவன் பாரிஸுக்கு வெளியே உள்ள ஒரு தொழில்முறை ரக்பிக் கிளப்பில் முன்வரிசையில் நின்று முட்டுகிற ஆள் என்று. கிளப் நாட்டின் முதல் பிரிவில் இருந்தது, ஆனால் எப்போதும் வால் பக்கத்தில்.

அதுவரை முதலாளிக்கு ரக்பிப் பந்து நீளமா உருண்டையா என்பதே தெரியாது. மூன்று மாதத்தில் கிளப்புக்குக் காசு கொடுக்கிற ஆதரவாளர் ஆகிவிட்டார். மைதானத்தில் கண்ணாடி அடைத்த அறையில் கதிரை, இடைவேளையில் வைன், கோட் போட்டவர்களோடு கைகுலுக்கல். வீரர்கள் கையெழுத்துப் போட்ட ஜெர்சி ஒன்று சட்டம் போட்டுக் கடைக்குள் வந்தது. லட்சுமி படத்தை ஒரு முழம் தள்ளி அந்த இடத்தில் மாட்டினார்.

விளையாட்டின் அழகு எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு விதிகள் மட்டும் பிடிபட்டன. ஒன்று, இறக்கம். பருவத்தின் முடிவில் கடைசியாக வருகிற கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். அதற்கு முந்தின இடத்தில் வருகிற கிளப், கீழே இருந்து ஏறத் துடிக்கிற ஒரு கிளப்போடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்றவேண்டும். இதைக் கேட்ட நாளில் முதலாளிக்குப் பிடித்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

"பாத்தியோ பிள்ளை, இதுதான் ஒழுங்கு," என்றார். "கீழை விழுவன் எண்ட பயம் இருந்தால்தான் மனுசன் ஓடுவான். சில நாட்டிலை ஆரும் இறங்கிறேல்லையாம். கடைசியா வந்தாலும் அடுத்த வருசமும் அதே கதிரையிலை இருப்பினமாம். சோம்பேறியள்."

"அப்ப உங்களை ஆர் இறக்கிறது, முதலாளி?" என்று கேட்டேன்.

பகிடி என்று நினைத்துத் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை பின்பக்கம் நாங்கள் சாப்பிடுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. மூன்று கடை வேலையாட்களின் பெயரும் அதில் இருந்தது. யாருக்கு எத்தனை புள்ளி என்பதை அவர்தான் போடுவார், எதற்குப் போட்டார் என்று சொல்லமாட்டார். மாதக் கடைசியில் அடியில் நிற்கிறவர் லெ பிளாங்-மெனிலில் இருந்த கிடங்குக்குப் போகவேண்டும். சன்னல் இல்லாத இடம். அழுகின வெங்காயம் பொறுக்குவதுதான் வேலை. அதற்கு அவர் வைத்த பெயர் இரண்டாம் பிரிவு.

அந்தப் பலகை எங்களை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்ட இரண்டு பெண்கள், எந்தத் தக்காளிப் பெட்டியில் அடியில் பழுது இருக்கிறது என்று ஒருத்திக்கொருத்தி சொல்வதை நிறுத்தினார்கள். ஒருத்தி பழுது விற்றுப் பேச்சு வாங்கினால் மற்றவளுக்கு ஒரு படி ஏற்றம். மேலே ஏறினவளுக்கு ஒரு சதமும் கூடவில்லை. கீழே இறங்கவில்லை என்கிற நிம்மதிதான் பரிசு. பலகையில் முதலாளியின் பெயர் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பலகையின் அடியில் எப்போதும் நின்றவர் தவம் அண்ணை. மீன் வெட்டுகிறவர். ஐம்பது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். விடிய முதல் வந்து மீன் இறக்குவார், நாள் முழுக்க வெட்டுவார், மூடின பிறகு கழுவுவார். அவருக்குப் பிரெஞ்சு வராது, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கவும் வராது. அதனால் புள்ளி விழாது. அவரிடம் காட் இல்லை, அதாவது இந்த நாட்டில் இருக்கிற அனுமதி இல்லை. பலமுறை விண்ணப்பித்தும் மறுத்துவிட்டார்கள். மிஞ்சி இருந்தது ஒரே வழி: வேலை செய்கிறேன் என்று காட்டி விண்ணப்பிப்பது. அதற்கு முதலாளி அவரைப் பதிந்து மாதாமாதம் சம்பளத் துண்டு கொடுக்கவேண்டும். இங்கே எல்லோரும் அதைப் பிரெஞ்சுச் சொல்லாலேயே ஃபிஷ் என்போம். ஊரில் மனைவியை விட்டு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. காட் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இல்லாமல் போனால் போனதுதான், திரும்பி வர முடியாது. "இந்த வருசம் எழுதிறன், தவம்" என்று முதலாளி சொல்லிச் சொல்லியே அந்த மனிதரை வைத்திருந்தார்.

கடையில் மீன் வெட்ட வேறு ஆள் இல்லாததால் தவம் அண்ணையைக் கிடங்குக்கு அனுப்ப முடியாது. ஆனால் அடியில் நிற்கிறவரைச் சும்மா விடவும் முதலாளிக்கு மனம் வரவில்லை. ரக்பியில் செய்கிற மாதிரி ஒரு மோதல் வைத்தார். கிடங்கில் வேலை செய்கிற ஒருவர் ஊரில் மீன் வெட்டிப் பழகினவர். தவம் அண்ணையோடு ஒரே அறையில் படுக்கிறவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்க முதல், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பெட்டி பாரைக்குட்டி கொடுத்து, ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களையும் சுற்றி நிற்கச் சொன்னார். வென்றவர் கடையில், தோற்றவர் கிடங்கில்.

கிடங்குக்காரர் ஆரம்பத்தில் கெதியாக வெட்டினார். பிறகு ஒருதரம் நிமிர்ந்து தவம் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு அவருடைய கத்தி மெதுவாகிவிட்டது. செதில் போன மீனையே திரும்பத் திரும்பச் சுரண்டினார். எல்லோருக்கும் விளங்கியது. முதலாளிக்கும் விளங்கியது. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "சீ, உங்களிட்டைப் போட்டியே இல்லை. உங்களாலைதான் எங்கட சனம் உருப்படேல்லை," என்று திட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் கையைக் கழுவிவிட்டு ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தார்கள். அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே நல்ல விளையாட்டு அது.

அவருக்குப் பிடிபட்ட இரண்டாவது விதி, சம்பள உச்சவரம்பு. ஒரு கிளப் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கிற சம்பளம் ஓர் அளவைத் தாண்டக்கூடாது. காசுக்காரக் கிளப் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க லீக் போட்ட கட்டு. பிரெஞ்சில் பிளாஃபோன், கூரை என்று அர்த்தம். இதையும் முதலாளி கையோடு கடைக்குக் கொண்டு வந்தார். நான் சம்பளம் கூட்டிக் கேட்டபோது, "இனி எங்கட கடைக்கும் ஒரு பிளாஃபோன் இருக்கு, பிள்ளை. அதுக்கு மேலை ஒருத்தருக்கும் இல்லை. நீதி எண்டால் எல்லாருக்கும் நீதி," என்றார். முகத்தில் ஒரு நீதவான் களை வேறு.

அந்த நீதி அடுத்த கோடையோடு முடிந்தது. எங்கள் முன்வரிசைக்காரனை வேறு கிளப் கூப்பிட்டது. கூடக் கொடுத்து நிறுத்தக் கிளப்புக்கு வழியில்லை, பிளாஃபோன் முட்டிவிட்டது. கிளப்பின் கோட்டுக்காரர் இரண்டு பேர் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து மசாலாத் தோசை சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடியும்போது வழி பிறந்துவிட்டது. முன்வரிசைக்காரனின் மனைவியை முதலாளி எங்கள் கடையில் வேலைக்கு எழுதினார், கிழங்குப் பிரிவுப் பொறுப்பாளர் என்று. அந்தச் சம்பளம் கிளப்பின் கணக்கில் வராது. எங்கள் கடையில் கிழங்குக்கு ஒரு பிரிவு கிடையாது, வாசலில் இரண்டு பெட்டி வைப்போம், அவ்வளவுதான். அவள் ஒருநாளும் வேலைக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். அவளுக்கு எழுதின சம்பளத்தில் கடையில் நின்ற எங்கள் எல்லோரையும் வைத்திருக்கலாம். முதலாளி இதை ஒளிக்கவும் இல்லை. பெருமையாக எங்களுக்குச் சொன்னார், பெரிய ஆட்களோடு சேர்ந்து செய்த காரியம் அல்லவா.

தவம் அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்தார்.

"முதலாளி, என்ரை ஃபிஷ் விசயம்…"

"கொஞ்சம் பொறும், தவம். பிளாஃபோன் முட்டிப்போச்சு. இப்ப இன்னொரு ஆளை எழுதினால் கணக்குப் பாக்கிறவன் கத்துவான். சீசன் முடியட்டும்."

தவம் அண்ணை தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"முதலாளி, உது சரியோ? வராத ஆளுக்கு ஃபிஷ், வாற ஆளுக்கு இல்லை."

"உனக்கு விளங்காது பிள்ளை. அவன் போனால் கிளப் கீழை போயிடும்."

"தவம் அண்ணை போனால்?"

"தவம் எங்கை போறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அந்தப் பருவத்தின் நடுவில் கடைக்கு ஒரு ஆள் வந்தார். கழுத்துப்பட்டி, கையில் கோப்பு, ஒரு காது முட்டி முட்டி மடங்கிப்போன பழைய விளையாட்டுக்காரர். லீக் அனுப்பிய ஆள். கிளப்புகள் சம்பள உச்சவரம்பைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. ஆனால் லா சப்பலில் கழுத்துப்பட்டியோடும் கோப்போடும் யார் வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரே எண்ணம்தான்: கொந்திரோல். வேலையாட்களின் பேப்பர் பார்க்க அரசாங்கத்தில் இருந்து வருகிற சோதனை. முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். அந்த ஆள் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, முதலாளி மீன் பக்கம் ஓடிப்போய், "தவம், ஏப்பிரனைக் கழட்டும். உள்ளுக்கை போம், கெதியா," என்று சொல்லி, மீன் வைக்கிற குளிரறைக்குள் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். தவம் அண்ணை உள்ளே போகும்போது அவர் உடம்பில் ஒரு மெல்லிய சட்டைதான் இருந்தது.

வந்தவர் தான் யார் என்று சொன்னதும் முதலாளிக்கு உயிர் திரும்பியது. ஒரு வடை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார். கிழங்குப் பொறுப்பாளர் எங்கே என்று அவர் கேட்டதற்கு, வெளியில் சரக்குப் பார்க்கப் போய்விட்டாள், அவளைப் போல் கிழங்கு தெரிந்த ஆள் பாரிஸிலேயே இல்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம். வந்தவர் போவதற்குக் கோப்பையும் மூடிவிட்டார். ஆனால் முதலாளியால் விடமுடியாது. அந்த ஆளின் வாயால் ஒரு சொல் வாங்கவேண்டும். இறக்கம் இருக்கிற லீக் நல்லதா, இல்லாத லீக் நல்லதா? பிளாஃபோனைத் தளர்த்தினால் எங்கள் கிளப் எத்தினையாவது வரும்? வந்தவருக்கும் ரக்பி என்றால் உயிர், அவரும் நின்று கதைத்தார். இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று மறுக்க, இவர் இன்னொன்று சொல்ல. நான் குளிரறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்குக் கண்ணால் காட்டினேன். பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்பவும் தன் கதைக்குப் போனார்.

கடைசியில் நான் எழும்பிப்போய்க் கதவைத் திறந்தேன். தவம் அண்ணை இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியில் குந்தியிருந்தார். உதடு நீலம். எழும்ப முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

முதலாளி ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "எங்கட வாடிக்கையாளர்," என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். "எங்கட சனம் இப்பிடித்தான், மிசியே. செவுளைத் திறந்து பாத்து, தாங்களே உள்ளை போய்த் தெரிஞ்செடுத்தால்தான் மீன் வாங்குவினம். எங்கட பண்பாடு."

வந்தவர் தவம் அண்ணையின் காலைப் பார்த்தார். மீன் வெட்டுகிறவர்கள் போடுகிற வெள்ளை ரப்பர் பூட்ஸ் முழங்கால்வரை இருந்தது. அதில் செதில் ஒட்டியிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்து, நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு பிரெஞ்சு தவம் அண்ணைக்கு விளங்கும்.

தவம் அண்ணை முதலாளியைப் பார்த்தார். இந்த வருசம் எழுதிறன் என்று சொன்ன வாயை. "நோன்," என்றார். "புவாசோன்." இல்லை, மீன்.

முதலாளி தானே போய் ஒரு விளைமீனை எடுத்து நிறுத்து, பையில் போட்டு, கல்லாவுக்கு வந்து தானே விலையை அடித்தார். தவம் அண்ணை விறைத்த கையால் பர்ஸை எடுத்துக் காசு கொடுத்தார். முதலாளி அதை வாங்கினார். வாங்கி, மிச்சத்தை எண்ணிக் கொடுத்து, ரசீதையும் கொடுத்தார். வந்தவர் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று தவம் அண்ணைக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தேடி வந்தது வேறு விசயம், பூட்ஸ் அவருடைய துறை இல்லை. அந்த ஆளையும் நான் மன்னிக்கவில்லை.

அவர் தெருமுனை தாண்டியதும் முதலாளி என்னிடம் திரும்பி, "எப்பிடிக் கதைச்சன்? கடைசியிலை அவன் தலையாட்டினவன், கண்டனியோ?" என்றார். தவம் அண்ணை மீன் பையோடு அங்கேயே நின்றார். அவர் நிற்பது அப்போதுதான் முதலாளிக்கு ஞாபகம் வந்தது. "அதை உள்ளை வைச்சிட்டு வேலை முடிய எடுத்துக்கொண்டு போம், பழுதாப்போயிடும்," என்றார். தவம் அண்ணை திரும்பவும் அந்தக் குளிரறைக்குள் போய், தான் வாங்கின மீனை வைத்துவிட்டு வந்து, ஏப்பிரனைக் கட்டினார். காசை முதலாளி திருப்பிக் கொடுப்பார் என்று நான் பின்னேரம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பு. வேண்டுமென்று செய்திருந்தாலாவது கோபப்படலாம்.

இவ்வளவு செய்து காப்பாற்றின கிளப், அந்த வருடம் தன் விளையாட்டாலேயே கடைசியாக வந்து கீழே போனது. கடைசி ஆட்டத்தைக் கடையில் தொலைக்காட்சியில் போட்டார். முடிந்ததும் முதலாளி கதிரையில் இருந்து அழுதார், உண்மையான கண்ணீர். தாயாருக்கு வராத கண்ணீர். பரிதாபப்படலாமா என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. நல்லவேளை, படவில்லை. அடுத்த மாதமே இரண்டாம் பிரிவில் இருந்து மேலே ஏறி வந்த கிளப்பின் ஜெர்சி அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. "கீழை போனவங்களோடை எங்களுக்கு என்ன கதை?" என்றார். பழைய ஜெர்சியை மீன் மேசை துடைக்கத் தவம் அண்ணையிடம் கொடுத்தார்.

முன்வரிசைக்காரன் தெற்கே ஒரு கிளப்புக்குப் போனான். அவன் மனைவி கடைசியாக வந்து சேம்பங்கிழங்கு வாங்கி, எல்லோருக்கும் கைகொடுத்து விடைபெற்றாள். அவளுடைய பெயர் எங்கள் கடைப் பதிவில் இருந்து போனது. இடம் காலி. தவம் அண்ணை மீண்டும் கல்லாப் பக்கம் வந்தார்.

"முதலாளி, சீசன் முடிஞ்சுது."

"ஓம், தவம். ஆனால் நீர் லீக் ஆளுக்கு முன்னாலை என்ன சொன்னனீர்? மீன் வாங்க வந்தனான் எண்டு. இப்ப உம்மை எழுதினால் நான் பொய் சொன்னவன் எண்டு ஆகாதோ? நாளைக்கு அவன் திரும்பி வந்தால்?"

தவம் அண்ணை கத்தியைக் கழுவி வைத்தார், ஏப்பிரனை மடித்து மேசையில் வைத்தார், போய்விட்டார். மறுநாள் வரவில்லை. முதலாளி பலகையில் அவர் பெயரை விரலால் அழித்துவிட்டு, "நன்றி கெட்டவன்," என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் தவம் அண்ணை திரும்பி வந்தார். கூட ஒரு பிரெஞ்சுப் பெண், வேலையாட்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்தைச் சேர்ந்தவள். கடையில் நல்ல சனம். அவள் முதலாளியிடம் மரியாதையாகக் கேட்டாள்: இவர் உங்களிடம் பல வருடம் வேலை செய்திருக்கிறார், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் இவர் விண்ணப்பிக்கலாம், வேறொன்றும் வேண்டாம்.

முதலாளி இரண்டு கையையும் விரித்துப் பிரெஞ்சில் சொன்னார். "மடாம், இவர் எங்கட வாடிக்கையாளர். நல்ல மனுசன், மீன் வாங்க வாறவர். ரக்பி லீக்கிலை இருந்து வந்த அதிகாரியே கண்ணாலை பாத்தவர். அவருக்கு முன்னாலைதான் காசு குடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு போனவர்."

அந்தப் பெண் தவம் அண்ணையைப் பார்த்தாள். அவளுக்கு முதலாளி சொன்னது விளங்கிவிட்டது. தவம் அண்ணைக்கும் விளங்கியிருக்கவேண்டும், மீன் என்கிற சொல்லும் ரசீது என்கிற சொல்லும் போதும். அவர் தமிழில்தான் பதில் சொன்னார். அந்தக் கடையில் அவர் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"ஓம், மீன் வாங்கினனான். அந்த மீனை விடிய இறக்கினதும் நான். செதில் உரிச்சதும் நான். குடல் எடுத்ததும் நான். என்ரை கையாலை துப்பரவாக்கின மீனை எனக்கே வித்தவர்."

சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண், என்ன சொல்கிறார் என்று கேட்டாள். முதலாளி முந்திக்கொண்டார்.

"மீன் நல்லா இருந்தது எண்டு சொல்லுறார், மடாம்," என்றார் பிரெஞ்சில், சிரித்தபடி.

அவள் சிரிக்கவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்து, இங்கே இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, யோசிச்சுக் கதை," என்று தமிழில் சொன்னார், அதே சிரிப்போடு.

நான் கல்லாவைப் பூட்டினேன். சாவியை அவர் முன்னால் வைத்தேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, இறக்கினது, உரித்தது, குடல் எடுத்தது, விற்றது என்று ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவள் எழுதி முடித்ததும், கண்ணால் பார்த்த சாட்சி என்று அடியில் என் பெயரையும் எழுதச் சொன்னேன்.